படியில்லா வீடும் ஆயிரத்து நாற்பது பேரும்

மாது கேட்டது ஒன்றே ஒன்றுதான். படியில்லாத வீடு.

முப்பத்தோரு வருடம் தர்மபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவே அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் அவர். "படியில நிக்காதீங்க, மேல வாங்க, இல்லன்னா எறங்குங்க" என்று நாளொன்றுக்கு நானூறு தடவை கத்தி, தொண்டை கட்டிய நிலையில் ஓய்வு பெற்றார். மனிதர்களைப் படியிலிருந்து அப்புறப்படுத்துவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர், கடைசியில் அந்தப் படியிடமே மாட்டிக்கொண்டார்.

பாப்பாரப்பட்டியில் உரக்கடைக்கு மேலே வாடகை வீடு. இருபத்திரண்டு படி. மனைவி சாலம்மாளுக்கு ஒரு முட்டியில் அறுவை ஆகியிருந்தது. இன்னொரு முட்டி தன் முறைக்குக் காத்திருந்தது. சமதரையில் வாக்கரைப் பிடித்து நடக்கலாம், படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, உரக்கடைச் சுமைக்காரர்கள் இரண்டு பேர் மேலே தூக்கிப் போனார்கள்.

"ரெண்டு மூட்ட யூரியா இருக்கும்ணா" என்றான் ஒருவன், மூச்சு வாங்கியபடி.

"ஒன்றர" என்று திருத்தினாள் சாலம்மாள், நாற்காலியிலிருந்தே.

அதோடு ஏழு மாதம் ஆகிறது. அவள் இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒரு டிரான்ஸ்பார்மரும் போகிற வருகிற பஸ்களின் கூரையும்தான்.

"மனுசங்கள உச்சந்தலையாவே பாத்து சலிச்சுப் போச்சுங்க" என்றாள் ஒருநாள். "இந்த ஊர்ல யார் யாருக்குச் சொட்ட வுழுந்திருக்குன்னு கேளுங்க, டக்குனு சொல்றேன். மூஞ்சிதான் மறந்துபோச்சு."

"எனக்கும் வுழுந்திருக்கா?"

"உங்களுக்கு வுழ என்னா மிச்சம் இருக்குது? தரையோட ஒரு வூடு பாருங்க. வாசல்ல சேர் போட்டுக்கினு, பூக்காரி வந்தா மூஞ்சப் பாத்துப் பேசணும். வேற ஒண்ணும் வேணாம்."

தரைத்தளத்தை வாடகைக்குக் கேட்டால், "அது கடைக்கு வுட்டாச்சுங்களே" என்றார்கள். சொந்தமாகக் கட்டலாம் என்றால் சாலம்மாளின் தம்பி கட்ட ஆரம்பித்த வீடு பதினோராவது வருடமாக ஜன்னல் உயரத்திலேயே நின்று குடும்பத்தையே பயமுறுத்திக்கொண்டிருந்தது. ஆக, கட்டிய வீட்டை வாங்குவது என்று முடிவாயிற்று. ஓய்வுப் பணம் வங்கியில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாவட்ட மனை மேம்பாட்டாளர் மாமன்றம் நடத்தும் வீட்டுக் கண்காட்சிக்கான பேனர் கண்ணில் பட்டது. 'உங்களுக்கு என்ன வீடு வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்!' என்று அதில் எழுதியிருந்தது. மாது அதை நம்பினார். அவரிடம் இப்படிச் சில குறைகள் உண்டு.

கண்காட்சி தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடியில் நடந்தது. உள்ளே நுழைவதற்கு அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த வெண்மதி என்ற பெண், 'வாங்குவோர் மனப்போக்கு ஆய்வு அலுவலர்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"உங்கள வீடு வாங்கத் தூண்டறது எதுங்க சார்? முதலீடு, அந்தஸ்து, பெங்களூர் பக்கம், கிளப் ஹவுஸ்."

"எம் பொண்டாட்டி முட்டிம்மா."

வெண்மதி படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். "முட்டி ஆப்ஷன்ல இல்லீங்களே சார்."

"இல்லன்னா எழுதிக்கம்மா. படி ஏற முடியாது. தரையோட வூடு வேணும்."

"அப்ப அந்தஸ்துன்னு போட்டுக்கறேங்க."

"அதெப்பிடி?"

"உட்கார்ந்த எடத்துல எல்லாம் வேணும்னு கேக்கறீங்க. அது ஒரு வசதிதானேங்க."

கடைசியில் மாது கெஞ்சிக் கேட்டதால், படிவத்தின் அடியில் ஒரு ஓரமாக இருந்த 'இதர' என்ற கட்டத்தில் டிக் செய்தாள். அந்தக் கட்டத்தை இதுவரை யாரும் தொட்டதில்லை என்றும், அங்கே அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்றே தனக்குச் சந்தேகம் என்றும் சொன்னாள்.

மேடையில் மாமன்றத் தலைவர் பிரபாகர் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம், அறிவியலில் அசையாத நம்பிக்கை.

"மக்கள் எதுக்காக வீடு வாங்கறாங்க? குடியிருக்கவா? இல்லவே இல்ல! வீட்டுக்குள்ள இருக்கறவனுக்கு வீடு தெரியாது. ரோட்ல போறவனுக்குத்தான் தெரியும். ஆகவே, ரோட்ல போறவனுக்காகத்தான் நாம வீடு கட்டறோம்! ஆயிரத்து நாற்பது பேர்கிட்ட ஆய்வு எடுத்தோம். நூத்துக்கு நூறு பேரும் மாடி வீடு, மாடி வீடுன்னு ஒரே குரலா சொல்றாங்க. மக்களுக்கு என்ன வேணும்னு மக்களுக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சு சொல்லத்தான் இந்த மாமன்றம்!"

கைதட்டல் எழுந்தது. மாதுவும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது கையைச் சும்மா வைத்திருப்பது அவருக்கு வராது.

மறு ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க வேன் வந்தது. இலவசம், மதியம் பிரியாணி. அழைத்துப் போனவன் பூவரசன், வாய் நிறையப் பல்லும் கை நிறைய நோட்டீஸும் வைத்திருந்த இளைஞன். வேன் பென்னாகரம் ரோட்டில் போனது. மனைப்பிரிவின் பெயர் 'அருவி வியூ அவென்யூ.'

"பெங்களூர் எழுவத்தஞ்சே நிமிஷங்க" என்றான் பூவரசன்.

முப்பத்தோரு வருடம் டிக்கெட் கிழித்த மனிதருக்கு இது பொறுக்கவில்லை. "எந்த வண்டில தம்பி?"

"கார்லங்க. வுடியக்காலம் மூணு மணிக்கு. ரோட்ல யாரும் இல்லாம, டோல்கேட்டும் இல்லாம இருந்தா."

"அப்பிடி எப்பனா ஆச்சா?"

"ஆனா எழுவத்தஞ்சுதாங்க."

அருவி வியூ என்பதற்கும் விளக்கம் இருந்தது. மனைப்பிரிவின் தண்ணீர்த் தொட்டி மேல் எண்பத்து நாலு படி ஏறி நின்றால் தூரத்தில் மேகம் தெரியும். அது ஒகேனக்கல் அருவிக்கு மேலே உள்ள மேகம்.

மாதிரி வீடு இரண்டு மாடி. ஹாலும் செருப்பு வைக்கிற அலமாரியும் கீழே, சமையலறையும் படுக்கையறையும் கழிவறையும் மேலே.

"கீழ மட்டும் ஒரு வூடு கட்டித் தர மாட்டீங்களா?"

"அத யாரும் கேக்கறதில்லீங்க. ஆய்வுல வந்திருக்குது."

"நான் கேக்கறனே தம்பி?"

"நீங்க ஒரு ஆளுங்க. ஆய்வு ஆயிரத்து நாப்பது."

மாது அந்த வாரம் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வாரம் வேறு வீடு காட்டுவதாகச் சொன்னதால் மறுபடி போனார். அதற்கடுத்த வாரமும் போனார். மூன்றாவது வாரம் வேனுக்குள் ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. நடத்துநரின் கண் என்பது ஓய்வு பெறாத ஒன்று. காலையில் ஏறிய முகம் சாயங்காலம் அதே பாஸைக் காட்டினால் பிடித்துவிடும். எண்ணிப் பார்த்தார். வேனில் அவரைத் தவிர இருபது பேர். அதே இருபது பேர். பல்லில்லாத ஒரு தாத்தா, மஞ்சள் பையோடு மூன்று பெண்கள், ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும் அண்ணன் தம்பி.

"வாரா வாரம் வர்றீங்களா?" என்று மஞ்சள் பைக்காரி ஒருத்தியைக் கேட்டார்.

"ஒரு வருசமா வர்றோங்க. பிரியாணி நல்லா இருக்கும். முட்ட வெப்பாங்க."

"வூடு வாங்கலியா?"

"நாங்க எதுக்குங்க வாங்கறோம்? எங்களுக்குத்தான் வூடு இருக்குதே. ஓட்டு வூடு."

"இந்த பாரத்த வாரா வாரம் நெரப்பறீங்களா?"

"நெரப்புனாத்தானே டோக்கன் தருவாங்க? மொதல் கட்டத்துலயே டிக் போட்டுக்கினே போனா சீக்கிரம் முடிஞ்சிரும். கடைசியா போனா லெக் பீஸ் இருக்காது."

மாது படிவத்தை எடுத்துப் பார்த்தார். 'நீங்கள் விரும்பும் வீடு: அ) மாடி வீடு.' இருபது பேர், ஐம்பத்திரண்டு ஞாயிறு. மனதிலேயே பெருக்கினார். ஆயிரத்து நாற்பது.

சைட் ஆபீஸில் பிரபாகர் இருந்தார். மாது நேராக உள்ளே போனார்.

"ஐயா, உங்க ஆய்வுல ஒரு தப்பு இருக்குதுங்க. ஆயிரத்து நாப்பது பேர் இல்லீங்க. இருவதே பேரு. அதே ஆளுங்கதான் வாரா வாரம் வர்றாங்க."

பிரபாகர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அதனாலதான் இந்த ஆய்வ நம்பலாம். ஒரே ஆளை அம்பத்திரண்டு தடவ கேட்டிருக்கோம். ஒரு தடவகூட மாத்திச் சொன்னதில்ல."

"பிரியாணிக்காக மொதல் கட்டத்துலயே டிக் போடறாங்கங்க."

"யோசிக்காமப் போடறாங்க பாருங்க, அதான் ஆழ்மனசு." கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"படியில்லாத வூடு."

பிரபாகர் அந்த இரண்டு வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒருவழியாக ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டாரே என்று மாதுவுக்குக் கண் கலங்கியது.

ஒரு மாதத்தில் பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் வரை தட்டி எழுந்தது. 'படியற்ற பெருவாழ்வு! மாவட்டத்தில் முதன்முறையாக! இனி வாழ்க்கை ஒரே மட்டம்!' விலை, மாடி வீட்டைவிட ஆறு லட்சம் அதிகம்.

"மாடியும் கட்டல, படியும் கட்டல. எதுக்கு தம்பி ஆறு லட்சம்?" என்றார் மாது.

"இல்லாததுக்குத்தாங்க இப்ப வெல" என்றான் பூவரசன். "டிரெண்டுங்க. நீங்க அன்னிக்கே வாங்கிருந்தா இந்த வெல கெடையாது."

"அன்னிக்கு இந்த வூடே இல்லியே."

"அதாங்க, சீக்கிரம் வந்துட்டீங்க."

சாலம்மாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "இது கழுத்துல கெடந்து எனக்கு என்னாத்தச் செய்யுது? முட்டிக்காவது ஆவட்டும்" என்றாள்.

திறப்பு விழாவில் 'முதல் படியற்ற குடும்பம்' என்று மேடையில் அழைத்து, அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. அன்று காலை சுமைக்காரர்கள் வந்தார்கள். சாலம்மாள் பட்டுப் புடவை கட்டி, வாக்கரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு படியும் கண்ணை இறுக மூடியிருந்தாள். தரைக்கு வந்ததும் திறந்தாள். பூக்காரி ஓடிவந்து, "யக்கா, நீ இருக்கியா? ஊருக்குப் போயிட்டன்னு இல்ல நெனச்சேன்" என்று இரண்டு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டாள். "உன் மூஞ்சி இளைச்சுப்போச்சுடி" என்றாள் சாலம்மாள். அதைச் சொல்வதற்காகவே இத்தனை மாதமும் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

வேன் மனைப்பிரிவுக்குள் நுழைந்தது. சாலம்மாளை நாற்காலியோடு இறக்கி வைத்தார்கள். வீடு தெரிந்தது. அழகான வீடு. ஒரே தளம். வாசலுக்குப் போக, பளபளக்கும் கிரானைட்டில் ஒன்பது படி.

மாது எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

"ஐயா, இது என்னங்க?"

"இதா? எலிவேஷன்" என்றார் பிரபாகர். "ரோட்ல போறவன் நிமிர்ந்து பாக்கணும்ல?"

"படி இல்லன்னு சொன்னீங்களே."

"வூட்டுக்குள்ள ஒண்ணாச்சும் இருக்குதா பாருங்க. தேடிப் பாருங்க! வெளிய இருக்கறது வூட்டுல சேராது. பத்திரத்துலயும் வராது. அது ஒரு தோற்றம்."

"தோற்றத்த எப்பிடிங்க ஏறுவா அவ?"

"ஒரு தடவ ஏறிட்டா அப்பறம் ஏன் எறங்கறாங்க? வூட்டுக்குள்ளதான் படியே இல்லியே!"

கேட்டுக்கொண்டிருந்த மாமன்ற உறுப்பினர்கள் இந்த வாதத்தின் அழகில் சொக்கிப்போய், தலைவரோடு படியில் வரிசையாக நின்று போட்டோ எடுக்கத் தொடங்கினார்கள். மாதுவின் சட்டைப்பையில் பேனா இருந்தது, வங்கிச் செக் இருந்தது. இதை வாங்கினால் அவள் இருபத்திரண்டு படிக்குப் பதிலாக ஒன்பது படிக்கு மேலே இருப்பாள். பதிமூன்று படி லாபம். வெட்கக்கேடு, ஒரு கணம் அவர் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

சாலம்மாள் சைட் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாக்கரைப் பிடித்துத் தானாகவே நடந்து போயிருந்தாள். தரையும் வாசலும் ஒரே மட்டம். காலைத் தூக்காமலே உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வெளியே வந்து நின்று கையசைத்தாள்.

"ஏங்க! இங்க வாங்க! இந்த வூட்டுக்கு வெல கேளுங்க!"

பிரபாகர் படியிலிருந்தே சிரித்தார். "அது வூடு இல்லம்மா, எங்க ஆபீஸு. விக்கறதுக்கு இல்ல."

"பின்ன இத ஏன் தரையோட கட்டிருக்கீங்க?"

"நாங்க தெனமும் பத்து தடவ போய்வர எடமாச்சே. படி வெச்சா எவன் ஏறி எறங்கறது? எங்கம்மாவும் வந்து உக்காருவாங்க. அவங்களுக்கு முட்டி வலி. எங்க வூடுகூட தரையோடதான்."

சொல்லி முடித்த பிறகும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தான் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாது செக்கை மடித்து உள்ளே வைத்தார். கையெழுத்து ஆகவில்லை. சாயங்காலம் சுமைக்காரர்கள் அவளை மறுபடி மேலே ஏற்றினார்கள். "எடை கொறைஞ்சிருக்கீங்க ஆத்தா" என்றான் ஒருவன். அவள் திருத்தவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிறு வேன் ஹாரன் அடித்தபோது சாலம்மாள் தலைவாரித் தயாராக இருந்தாள்.

"எங்க?" என்றார் மாது.

"சைட் பாக்க. வேன்காரன் தூக்கிக்கினு போவானில்ல? ஆளு எண்ணிக்க கொறைஞ்சா அவனுக்குத் தினப்படி கெடைக்காதாம், பூவரசன் சொன்னான்."

அப்படித்தான் ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் பூவரசனும் டிரைவரும் மேலே வந்து அவளை இறக்கினார்கள். உரக்கடை வாசலில் பூக்காரியிடம் ஐந்து நிமிடம் பேச்சு. பிறகு சைட் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பாள். மஞ்சள் பைக்காரிகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். மற்ற இருபது பேரும் முதல் கட்டத்தில் டிக் அடிக்க, மாதுவும் சாலம்மாளும் மட்டும் பொறுமையாகக் கடைசி வரை போய் 'இதர'வில் அடித்தார்கள். அவர்களுக்கு லெக் பீஸ் கிடைத்ததே இல்லை.

ஆறு மாதத்தில் ஐம்பத்திரண்டு படிவம் சேர்ந்தது. மாமன்றத்தின் ஆண்டறிக்கை வந்தபோது பெரும் பரபரப்பு. நூற்றுக்கு ஐந்து பேர் 'இதர'! மாவட்டத்தின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தார்கள். முக்கால் லட்சம் பேர் தங்கள் பிடிக்குள் சிக்காமல் வெளியே திரிகிறார்கள் என்று தெரிந்தது. இந்த 'இதர' மக்கள் யார், எங்கே வசிக்கிறார்கள், இவர்களை எது தூண்டும் என்று நேரில் கண்டறியத் தலைவரே களத்தில் இறங்குவதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஒரு புதன்கிழமை காலை உரக்கடை முன் கார் நின்றது. பிரபாகர் இறங்கினார்; பின்னால் படிவக் கட்டோடு வெண்மதி. மாது மேலிருந்து பார்த்தார். தலைவருக்கு உச்சியில் சொட்டை விழுந்திருந்தது.

"ஏற்கனவே எனக்குத் தெரியும்" என்றாள் சாலம்மாள், ஜன்னலிலிருந்து.

பிரபாகர் ஏறத் தொடங்கினார். ஐந்து படி வேகமாக. எட்டாவதில் கைப்பிடியைத் தேடினார், கைப்பிடி இல்லை. பன்னிரண்டாவது படியில் நின்று ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டார். தாயின் முட்டி பிள்ளைக்கும் வந்திருக்கும் போல. மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட சமதூரமாக இருந்தது.

மாதுவின் தொண்டையில் முப்பத்தோரு வருடம் தானாகக் கிளம்பியது.

"படியில நிக்காதீங்க! மேல வாங்க, இல்லன்னா எறங்குங்க!"

"ஏங்க, சும்மா இருங்க" என்று அதட்டினாள் சாலம்மாள். "பாவம், மூஞ்சி வெளிறிப்போச்சு. இந்தச் சேரத் தூக்கிக்கினு போய் போடுங்க."

மாது தன் மனைவியின் பிளாஸ்டிக் நாற்காலியைப் பத்துப் படி இறக்கி, நடுவில் இருந்த சின்ன மேடையில் போட்டார். பிரபாகர் அதில் விழுந்து உட்கார்ந்தார். பிறகு மீதமிருந்த பத்துப் படியை நிமிர்ந்து பார்த்து, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏங்க, இந்த வூட்டுல எப்பிடிங்க இருக்கீங்க?"

அறுபத்து நான்கு கேள்வியிலும் இல்லாத கேள்வி அது. வெண்மதியே படிவத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வருடமாக யாராவது அதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த மாது, பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"சார், இந்தக் கேள்வி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் வெண்மதி. "நோட் பண்ணிக்கறேங்க."

மறு ஞாயிறு புதிய படிவம் வந்தது. அறுபத்தைந்து கேள்விகள். 'இதர' என்ற கட்டம் எல்லோரையும் குழப்புவதாக நீக்கப்பட்டிருந்தது. கடைசிக் கேள்வி இப்படி இருந்தது:

'நீங்கள் தற்போது வசிக்கும் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்? அ) மகிழ்ச்சியாக. ஆ) மிக்க மகிழ்ச்சியாக. இ) பெருமையாக.'

சாலம்மாள் சைட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, வெண்மதியிடம் பேனா வாங்கினாள். மூன்று கட்டத்துக்கும் கீழே, கோணலாக நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதில் டிக் அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்:

'ஈ) மேலேயே.'